பக்கத்து வீட்டுக்காரருக்கு 14 ஆயிரம், நமக்கு மட்டும் ஏன் 38 ஆயிரம்?

போன மாதம் திண்டுக்கல்லில் இருக்கும் அப்பாவுக்கு மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது. 38 ஆயிரத்துச் சொச்சம். அன்று சாயங்காலம் வாக்கிங் போன இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அவரும் ஏறக்குறைய அப்பா வயதுதான். “எனக்கு 14 ஆயிரம்தான் சார், உங்களை நல்லா ஏமாத்துறாங்க” என்றாராம். ராத்திரி எனக்கு போன் வந்தது.

அப்பாவை யாரும் ஏமாற்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரரையும்தான். ஆனால் இதைப் போனில் ஐந்து நிமிடத்தில் புரியவைக்க என்னால் முடியவில்லை. காப்பீட்டைப் பற்றி டீக்கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் நடக்கிற பேச்சு முழுக்க ஒரே ஒரு எண்ணைச் சுற்றியே இருக்கிறது: “நீ எவ்வளவு கட்டுற?” அந்த எண் எப்படி உருவாகிறது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

சீட்டு வேறு, இது வேறு

நம்மில் பலர் காப்பீட்டைச் சீட்டுப் போலப் பார்க்கிறோம். மாதா மாதம் கட்டினோம், என்றைக்காவது எடுப்போம். எடுக்காமலே போனால் “பத்து வருஷமா கட்டுனது எல்லாம் தண்டம்” என்று புலம்புகிறோம்.

இதற்குச் சரியான ஒப்புமை சில தெருக்களிலும் சங்கங்களிலும் இருக்கிற இறப்பு நிதி. உறுப்பினர்கள் எல்லோரும் வருடத்துக்கு ஒரு தொகை போடுவார்கள். யார் வீட்டில் சாவு விழுகிறதோ அந்த வீட்டுக்கு அதிலிருந்து பணம் போகும். இருபது வருடம் போட்டும் பணம் வாங்காத வீட்டுக்காரர் “என் காசு போச்சே” என்று வருத்தப்பட மாட்டார். வாங்காமல் இருந்ததே அவருக்கு நல்லது.

மருத்துவக் காப்பீடும் அதே பொதுப்பானைதான். நீங்கள் வருடந்தோறும் பானையில் போடுவது பிரீமியம். ஆஸ்பத்திரிச் செலவுக்காகப் பானையிலிருந்து கேட்பது க்ளெய்ம். ஒரு வருடத்தில் உங்களுக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவார்கள் என்ற வரம்பு காப்பீட்டுத் தொகை. இந்த மூன்று சொற்கள் போதும், மேலே போகலாம்.

ஆயிரம் பேர் கணக்கு

ஒரு பானையில் முப்பது வயதை ஒட்டிய ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். கணக்குக்காக நானே போட்டுக்கொள்ளும் எண்கள் இவை. ஒரு வருடத்தில் 40 பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். டெங்கு, அப்பெண்டிக்ஸ், பைக் விபத்து என்று சராசரி பில் 75 ஆயிரம். மொத்தம் 30 லட்சம். ஆயிரம் பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 3,000 ரூபாய்.

இன்னொரு பானையில் அறுபதைத் தாண்டிய ஆயிரம் பேர். இங்கே 150 பேர் சேர்கிறார்கள். ஸ்டென்ட், மூட்டு மாற்று, கண்புரை என்று சராசரி 1 லட்சத்து 20 ஆயிரம். மொத்தம் 1 கோடியே 80 லட்சம். ஆளுக்கு 18,000.

இது வெறும் வைத்தியச் செலவு. கம்பெனிக்கு அலுவலகம், சம்பளம், ஏஜென்ட் கமிஷன், விளம்பரம், லாபம் எல்லாம் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ இந்த நிர்வாகச் செலவுக்கு ஒரு கூரை வைத்திருக்கிறது. மருத்துவக் காப்பீட்டை மட்டுமே விற்கும் கம்பெனிகளுக்கு அது மொத்த பிரீமியத்தில் 35 சதவீதம், மற்ற பொதுக்காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு 30. அந்த 35-ஐ அப்படியே எடுத்துக்கொண்டால் முதல் பானைக்காரர் 4,600 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும், இரண்டாம் பானைக்காரர் 27,700-ஐ ஒட்டி.

பிரீமியமாக வசூலான நூறு ரூபாயில் எத்தனை ரூபாய் க்ளெய்மாகப் போனது என்பதற்குத் துறையில் ‘க்ளெய்ம் விகிதம்’ என்று பெயர். 2023-24 கணக்கில் அரசு கம்பெனிகளுக்கு இது நூறைத் தாண்டியிருந்தது. அதாவது மருத்துவக் காப்பீட்டில் வாங்கியதைவிட அதிகமாகக் கொடுத்திருக்கிறார்கள். மருத்துவக் காப்பீடு மட்டும் விற்கும் தனியார் கம்பெனிகளுக்கு 65-ஐ ஒட்டி இருந்தது. இதைப் பார்த்து ஆத்திரப்படவும் இடம் இருக்கிறது. ஆனால் நூறைத் தாண்டிய பானை ரொம்ப நாள் ஓடாது, விலையை ஏற்றியே ஆக வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: பிரீமியம் என்பது உங்கள் வைத்தியத்துக்கான விலை கிடையாது. உங்களைப் போன்றவர்கள் என்று கம்பெனி கருதும் ஒரு கூட்டத்தின் மொத்தச் செலவில் உங்கள் பங்கு. ஆகவே அடுத்த கேள்வி, கம்பெனி உங்களை எந்தக் கூட்டத்தில் உட்கார வைக்கிறது என்பது.

வயது ஒரு படிக்கட்டு

பல பாலிசிகளில் வயதுக்கான விலை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதில்லை, படிபோல ஏறும். 36 முதல் 40 வரை ஒரு விலை, 41-ல் அடுத்த விலை என்கிற மாதிரி. அதனால்தான் சில வருடம் அமைதியாக இருந்துவிட்டு ஒரு வருடம் திடீரென்று தூக்கிப் போடும்.

குடும்பத்துக்கு மொத்தமாக எடுக்கும் ஃப்ளோட்டர் பாலிசியில் ஒரே காப்பீட்டுத் தொகையை எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள். இதில் விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது குடும்பத்தில் மூத்தவரின் வயது. 34 வயதுத் தம்பதி தங்கள் பாலிசியில் 63 வயது அப்பாவையும் சேர்த்தால் மொத்தக் குடும்பமும் அப்பாவின் படியில் ஏறிவிடும். அப்பா ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த வருடம் குழந்தைக்கு மிச்சம் இருப்பதும் குறையும். பெற்றோருக்குத் தனி பாலிசி எடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

“சுகரை எழுத வேண்டாம் சார்”

வயதுக்கு அடுத்தது உடம்பு. சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய இதய சிகிச்சை, புகை பிடிக்கும் பழக்கம் எல்லாம் கம்பெனிக்குத் தெரிந்தாக வேண்டும். அதைப் பார்த்து வழக்கமான விலைக்கு மேல் கொஞ்சம் ஏற்றுவார்கள். இந்தக் கூடுதலுக்கு லோடிங் என்று பெயர். சிலருக்குப் பாலிசியே தர மறுப்பதும் உண்டு.

அப்பாவுக்குப் பாலிசி எடுத்தபோது வந்த ஏஜென்ட் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு, காபி டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்: “சுகரை எழுத வேண்டாம் சார், பிரீமியம் ஏறும். மாத்திரைதானே போடுறார், ஊசி இல்லையே.” அம்மாவுக்கு அது நியாயமாகவே பட்டது. நான் எழுதச் சொன்னேன். லோடிங் போட்டார்கள். அந்த மனுஷர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. விற்பனை முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன். ஆனால் எழுதாமல் விட்ட சுகர், ஆஸ்பத்திரியில் சேரும் நாளில் கேஸ் ஷீட்டின் முதல் வரியிலேயே வந்துவிடும். ‘பத்து வருடமாக சர்க்கரை நோய் உள்ளவர்’ என்று டாக்டர் எழுதியதைக் கம்பெனி படிக்கும். மறைத்தார் என்று க்ளெய்மை மறுத்து, பாலிசியையே ரத்து செய்யவும் இடம் இருக்கிறது. விடாமல் 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், அதற்குப் பிறகு மோசடி என்று நிரூபிக்காமல் இந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது. இது 2024-ல் வந்த விதி, முன்பு 96 மாதமாக இருந்தது. ஆனால் அந்த ஐந்து வருடத்தை அதிர்ஷ்டத்தின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டுக் கடப்பதா?

சொல்லிவிட்டாலும் எல்லாம் உடனே கிடைக்காது. காத்திருப்புக் காலம் என்று ஒன்று உண்டு. விபத்தைத் தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் கிடையாது. குடலிறக்கம், கண்புரை, மூட்டு மாற்று போன்ற ஒரு பட்டியலுக்குப் பல பாலிசிகளில் 24 மாதம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம். இதைத் தந்திரம் என்று நினைப்பவர்கள் இறப்பு நிதியை நினைத்துப் பாருங்கள். பாட்டி படுத்த படுக்கையான பிறகு ஓடிப்போய்ச் சந்தா கட்டிச் சேரலாம் என்றால், சங்கத்தில் அப்படிப்பட்டவர்கள் மட்டும்தான் சேர்வார்கள். பானை ஒரே வருடத்தில் காலி. காத்திருப்புக் காலத்தைக் குறைத்துத் தரும் பாலிசிகளும் இருக்கின்றன, அதற்குத் தனி விலை.

சுருக்கமாக: வயது உங்களைப் படியில் ஏற்றுகிறது, நோய் லோடிங் போடுகிறது. இரண்டையும் உங்களால் மாற்ற முடியாது. இனி வருவதெல்லாம் நீங்கள் தேர்ந்தெடுப்பவை.

இரட்டித்தாலும் விலை இரட்டிக்காது

5 லட்சத்துக்கு எடுப்பதற்குப் பதில் 10 லட்சத்துக்கு எடுத்தால் பிரீமியம் இரண்டு மடங்காகுமா? ஆகாது. பெரும்பாலும் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு போலத்தான் கூடும். காரணம் எளிது. பெரும்பாலான ஆஸ்பத்திரி பில்கள் முதல் ஒன்றிரண்டு லட்சத்துக்குள் முடிந்துவிடுகின்றன. ஐந்து லட்சத்தைத் தாண்டும் பில் அபூர்வம். அபூர்வமாக நடப்பதைப் பங்கு போட்டால் ஆளுக்குக் கொஞ்சமாகத்தான் வரும்.

இந்தத் தர்க்கத்தை நமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்வதுதான் சூப்பர் டாப்-அப். அதில் ஒரு கழிவு வரம்பு இருக்கும், ‘டிடக்டிபிள்’ என்பார்கள். வரம்பு 5 லட்சம் என்றால், அந்த வருடத்தின் மொத்தச் செலவில் முதல் 5 லட்சத்தை அது தொடாது, அதற்கு மேல் ஆவதைக் கொடுக்கும். முதல் 5 லட்சத்துக்குச் சாதாரண பாலிசி, அதற்கு மேல் இது என்று சேர்த்து எடுத்தால், பெரிய தொகைக்கு ஒரே பாலிசி எடுப்பதைவிடப் பல நேரம் மலிவாக முடியும். வெறும் ‘டாப்-அப்’ என்று விற்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும். ஒரே வருடத்தில் 4 லட்சம், 4 லட்சம் என்று இரண்டு பில் வந்தால், இரண்டுமே 5 லட்சத்துக்குக் கீழே என்று டாப்-அப் கையை விரிக்கும். சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி 3 லட்சம் தரும்.

மலிவு எங்கே ஒளிந்திருக்கிறது

பக்கத்து வீட்டுக்காரரின் 14 ஆயிரம் இங்கேதான் இருக்கிறது. அப்பா அவருடைய பாலிசியை வாங்கி போட்டோ எடுத்து அனுப்பினார். காப்பீட்டுத் தொகை 3 லட்சம். அப்பாவுக்கு 10 லட்சம். அதை விடுங்கள், உள்ளே இன்னும் இரண்டு வரிகள் இருந்தன.

முதலாவது, 20 சதவீத கோ-பே. ஒவ்வொரு க்ளெய்மிலும் ஐந்தில் ஒரு பங்கு அவர் கையிலிருந்து. 2 லட்சம் பில் என்றால் 40 ஆயிரம் அவருடையது.

இரண்டாவது, அறை வாடகை வரம்பு: ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம். அவருக்கு 3,000 ரூபாய். “ரூம் வாடகை கொஞ்சம் கூடப் போனா, அந்த வித்தியாசத்தை நான் கட்டிட்டுப் போறேன்” என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இந்த வரியின் கடி வேறு இடத்தில் இருக்கிறது.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். 5 லட்சம் பாலிசி, நாளைக்கு 5,000 வரம்பு என்று வையுங்கள். நீங்கள் 8,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருந்தீர்கள். வாடகை 32 ஆயிரம். சர்ஜன், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் சேர்த்து 1 லட்சத்து 28 ஆயிரம். மருந்தும் உள்ளே வைத்த இம்ப்ளான்ட்டும் 80 ஆயிரம். மொத்த பில் 2 லட்சத்து 40 ஆயிரம். வாடகையில் 20 ஆயிரம் கிடைக்கும், சரி. ஆனால் சர்ஜன், தியேட்டர், நர்சிங் கட்டணத்தையும் எட்டுக்கு ஐந்து என்ற அதே விகிதத்தில் வெட்டுவார்கள்: 1,28,000-க்குப் பதில் 80,000. பல ஆஸ்பத்திரிகளில் அறையின் தரம் ஏற ஏற இந்தக் கட்டணங்களும் ஏறுகின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். மருந்துக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் இந்த வெட்டு கிடையாது என்பது விதி. அது முழுசாக வரும். ஆகக் கிடைப்பது 1 லட்சத்து 80 ஆயிரம். அறையில் நீங்கள் தாண்டியது 12 ஆயிரம்தான், கையிலிருந்து போனது 60 ஆயிரம்.

ஊரும் விலையில் சேரும். பல கம்பெனிகள் நாட்டை மண்டலங்களாகப் பிரித்திருக்கின்றன. டெல்லி, மும்பை மேல் மண்டலம், சிறிய ஊர்கள் கீழ் மண்டலம். திண்டுக்கல் முகவரியில் எடுத்தால் மலிவுதான். ஆனால் சில பாலிசிகளில், கீழ் மண்டல விலை கட்டியவர் பெருநகரத்தில் வைத்தியம் பார்த்தால் கோ-பே உண்டு. நம் ஊர்ப் பக்கம் பெரிய ஆபரேஷன் என்றாலே மதுரைக்கோ சென்னைக்கோதான் வண்டி ஏறுகிறோம். ஆகவே இந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

ஆக, ஒரே வயதில் இரண்டு பேர் கட்டும் பிரீமியம் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசப்பட்டால், பெரும்பாலும் அவர்கள் வாங்கியிருப்பது ஒரே பொருள் இல்லை.

க்ளெய்மே பண்ணலையே, ஏன் ஏத்துறான்?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. இதன் மறுபக்கமும் உண்டு: “போன வருஷம் க்ளெய்ம் பண்ணேன், அதான் ஏத்திட்டான்.” இரண்டுமே தவறான புரிதல். நீங்கள் ஒருவர் க்ளெய்ம் செய்தீர்கள் என்பதற்காக உங்கள் புதுப்பிப்பு பிரீமியத்தை மட்டும் ஏற்ற விதி இடம் தரவில்லை, புதுப்பிக்க மறுக்கவும் முடியாது. க்ளெய்ம் செய்யாத வருடத்துக்குத் தரும் போனஸ் வேண்டுமானால் குறையலாம். அதுவும் பெரும்பாலான பாலிசிகளில் காப்பீட்டுத் தொகையைக் கூட்டும் போனஸ்தான், பிரீமியத்தைக் குறைப்பது இல்லை.

ஏறுவதற்குக் காரணம் மூன்று. ஒன்று, உங்கள் வயதுப் படி. இரண்டு, வைத்தியச் செலவின் விலைவாசி. அது மளிகைச் சாமான் விலையைவிட வேகமாக ஏறுகிறது. மூன்று, பானையின் நிலைமை. இந்த மூன்றாவது பலருக்குத் தெரியாது. ஒரு கம்பெனி புதிய பாலிசி ஒன்றைக் கொண்டுவந்து, பழையதைப் புதியவர்களுக்கு விற்பதை நிறுத்திவிட்டால், பழைய பானையில் இளைஞர்கள் வந்து சேர மாட்டார்கள். இருப்பவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகும். க்ளெய்ம் கூடும், விலை ஏறும். ஏறியதும் ஆரோக்கியமானவர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். போக முடியாத நோயாளிகள் மட்டும் மிஞ்ச, மறுபடி விலை ஏறும்.

இதற்கு ஒரு கடிவாளம் 2025 ஜனவரியில் வந்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பிரீமியத்தை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால், கம்பெனி முதலில் ஐஆர்டிஏஐ-யிடம் கலந்து பேச வேண்டும். உங்கள் கையில் இருக்கும் வழி போர்ட்டிங், அதாவது வேறு கம்பெனிக்கு மாறுவது. காத்திருப்புக் காலத்தில் இதுவரை கடந்ததை, பழைய பாலிசியின் காப்பீட்டுத் தொகை அளவுக்கு, கூடவே எடுத்துக்கொண்டு போகலாம். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளாவது முன்னால் விண்ணப்பித்துவிடுங்கள். ஒன்று கவனம்: புதிய கம்பெனி மறுக்கலாம். அவர்கள் ஏற்றுக்கொள்ளும் வரை பழையதை விட்டுவிடாதீர்கள்.

849 ரூபாய்க்கு 5 லட்சம்

இங்கே ஒருவர் கேட்கக்கூடும்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் தருகிறார்களே, அது எப்படி? ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கான திட்டம் அது. குடும்பம் எதுவும் கட்டுவதில்லை, அரசு கட்டுகிறது. 2022-ல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய்.

மந்திரம் இல்லை, பானையின் அளவு. கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள், இளையவர் முதியவர் எல்லோரும் ஒரே பானையில். நோய் வந்த பிறகு ஓடிவந்து சேர்பவர் என்ற பிரச்சினை இல்லை. ஏஜென்ட் கமிஷன் இல்லை. அதைவிட முக்கியம், எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பது முன்பே பேசி முடிக்கப்பட்ட கட்டணம், சூட் ரூம் கதையெல்லாம் கிடையாது. அலுவலகத்தில் கிடைக்கும் குழுக் காப்பீடு மலிவாக இருப்பதற்கும் இதே காரணங்களில் பாதி பொருந்தும். என்ன, வேலையை விட்ட அன்றோடு அது போய்விடும்.

சரி, எவ்வளவுதான் ஆகும்?

அறை வரம்பும் கோ-பேயும் இல்லாத, 10 லட்சத்துக்கான பாலிசி என்று வைத்துக்கொண்டால், தோராயமாகச் சொல்கிறேன். முப்பது வயதில் ஒருவருக்கு 8 ஆயிரத்திலிருந்து 13 ஆயிரம். முப்பதுகளில் இருக்கும் தம்பதியும் ஒரு குழந்தையும் 17 முதல் 28 ஆயிரம். அறுபதைத் தாண்டிய தம்பதிக்கு 50 ஆயிரத்தில் தொடங்கி 90 ஆயிரம் வரைகூடப் போகும். நோய் இருந்தால் அதற்கு மேல்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதற்கு முன் 18 சதவீதம் இருந்தது. குழுக் காப்பீட்டுக்கு இந்தச் சலுகை இல்லை. கட்டிய பிரீமியத்துக்கு வருமான வரியில் கிடைக்கும் 80டி கழிவு பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்: தனக்கும் மனைவி பிள்ளைகளுக்கும் 25 ஆயிரம் வரை, அறுபது தாண்டிய பெற்றோருக்காகக் கட்டினால் தனியாக 50 ஆயிரம் வரை. புதிய முறைக்கு மாறியவர்களிடம் இன்னமும் “டாக்ஸ் மிச்சமாகும் சார்” என்று விற்பவர்கள் இருக்கிறார்கள், சிரித்துவிட்டு நகருங்கள்.

புதிதாக பாலிசி எடுப்பவர்களுக்கு, கைக்கு வந்த பிறகு 30 நாள் அவகாசம் உண்டு. படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். மருத்துவப் பரிசோதனைக்கு ஆன செலவு, கடந்த நாட்களுக்கான பங்கு, முத்திரைக் கட்டணம் போக மீதி திரும்ப வரும். அந்த முப்பது நாளில் தேட வேண்டிய சொற்கள் நான்கு: கோ-பே, அறை வாடகை, காத்திருப்பு, மண்டலம்.

அப்பா 38 ஆயிரத்தைக் கட்டிவிட்டார். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு போன் செய்தார். அவருடைய ரினியூவலுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறதாம். “தம்பி, அந்த 45 நாள்னு சொன்னீங்களாமே, அது எந்தத் தேதியில இருந்து எண்ணணும்?”